சின்த் பாட்டுகளை வைத்துச் சொந்தமாக ஒரு மிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் சத்தத்தில் உருவான சின்த் பாட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து மிக்ஸ் செய்வது எனக்குப் பழைய பழக்கம். கேட்டவர்களில் சிலர் "இது எந்தப் பாட்டு?" என்பார்கள். சிலர் "நானும் செய்யணும், எப்படி?" என்பார்கள். இரண்டாவது கூட்டத்தின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. உதாரணங்களுக்கு, தேடினால் உடனே கிடைக்கிற பிரபலமான பாட்டுகளைத்தான் எடுத்திருக்கிறேன்.

எலக்ட்ரானிக் பாட்டுன்னா எது? கீபோர்டு வாசிச்சாலே அது எலக்ட்ரானிக்கா?

இல்லை. கீபோர்டு எங்கும் இருக்கிறது. தாளத்தையும் பேஸையும் (அடியில் ஓடும் கனத்த நாதம்) எது ஓட்டுகிறது என்று பாருங்கள். மெஷின் ஓட்டுகிறது, குரலும் மற்றதும் அதன் மேல் ஏறி வருகின்றன என்றால் அது நம் கணக்கில் வரும். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து கிராஃப்ட்வெர்க் குழு 1974-ல் "ஆட்டோபான்" போட்டபோது இது விசித்திரம். 1977-ல் மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடர், டோனா சம்மரின் குரலுக்குப் பின்னால் மூக் சின்தசைசரை மட்டும் வைத்து "ஐ ஃபீல் லவ்" செய்தபோது அது டான்ஸ் பாட்டாகிவிட்டது. அதிலும் கிக் டிரம் (தும் என்று விழும் பெரிய டிரம்) மட்டும் ஆள் வாசித்தது. மூக் மெஷினில் அந்த அடி சரியாக வரவில்லை.

அப்புறம் மெஷின்கள் வரிசையாக வந்தன. ரோலண்ட் 808 டிரம் மெஷின் 1980, யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு 1983. இன்றைக்கு நமக்கு "எண்பதுகளின் சத்தம்" என்று தோன்றுவதில் பாதி இந்த மாதிரி நாலைந்து பெட்டிகளின் சத்தம்தான்.

பிளேலிஸ்ட் போட்டு ஷஃபிள்ல விட்டாப் போதாதா? மிக்ஸ்ல என்ன அதிகமா இருக்கு?

பிளேலிஸ்ட்டில் பாட்டுகள் இருக்கும். மிக்ஸில் வரிசை இருக்கும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒட்டு இருக்கும். ஒரே பாட்டு எதற்கு அடுத்து வருகிறது என்பதைப் பொறுத்து வேறு மாதிரி கேட்கும். கவின்ஸ்கியின் "நைட்கால்" (2010) நிதானமான பாட்டு. வேகமான நாலு பாட்டுக்குப் பிறகு அது வந்தால் மூச்சு வாங்குகிற இடம். மிக்ஸின் நடுவில் ஏற்கெனவே மெதுவான இரண்டுக்குப் பிறகு வந்தால் தூக்கம்.

ஷஃபிளில் இந்த அக்கம்பக்கம் நம் கையில் இல்லை. பாத்திரம் கழுவும்போது பின்னணிக்கு ஓடவேண்டும் என்றால் ஷஃபிள் போதும்.

எத்தனை பாட்டு, எவ்வளவு நேரம் வைக்கலாம்?

முதல் மிக்ஸ் என்றால் 45 நிமிடம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் ஓடும். ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவர்களுக்கு அந்த அளவு மனதிலேயே இருக்கும்: பத்துப் பதினொரு பாட்டு, கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடுமோ என்ற கவலை வேறு. சிடி எழுத ஆரம்பித்ததும் 80 நிமிடம் கிடைத்தது, "இதுவும் இருக்கட்டும்" என்று திணிக்கும் பழக்கமும் கூடவே வந்தது. இப்போது எல்லையே இல்லை, அதனால் நாமே ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் இருபது, இருபத்தைந்து பாட்டு எடுங்கள். அதில் பாதியைத் தள்ளுங்கள். ரொம்பப் பிடித்த பாட்டையே தள்ள வேண்டி வரும். அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம், யார் தடுத்தார்கள்?

அக்கா, இதுக்கு டிஜே மெஷின் எல்லாம் வாங்கணுமா? போன்லயே முடியாதா?

எதுவும் வாங்க வேண்டாம். ஒரு சுமாரான லேப்டாப், காதில் ஒரு ஒயர் ஹெட்போன். மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம். பாட்டுகளை அடுக்கி, வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி நிதானமாகச் செய்யலாம். டிஜே மாதிரி இரண்டு பாட்டை ஓடவிட்டு நேரடியாக மிக்ஸ் செய்ய ஆசை இருந்தால் மிக்ஸ்எக்ஸ்எக்ஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். வீட்டில் உட்கார்ந்து செய்வதற்கு எதற்கு அவசரம்?

போனில் சுலபமாக முடிவது இது: ஸ்பாட்டிஃபை மாதிரி செயலியில் வரிசையைப் போட்டு கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டு அடங்க அடங்க அடுத்தது ஏறி வருவது) இயக்கலாம், அதிகபட்சம் 12 விநாடி. எல்லா ஒட்டுக்கும் ஒரே நீளம்தான் கிடைக்கும். வரிசையைச் சோதித்துப் பார்க்க அது நல்ல வழி. ஒட்டுகளைச் சரிசெய்ய லேப்டாப்தான் வசதி.

பாட்டை எங்கேருந்து எடுக்கறது? யூடியூப்லேருந்து இறக்கினா என்ன?

அந்தத் தளத்தின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சத்தமே கெட்டுப்போகும். ஏற்கெனவே சுருக்கிய ஒலியை எடுத்து, எம்பி3 ஆக்கி, மிக்ஸ் முடித்து மறுபடி எம்பி3 ஆக்கினால் மூன்று தடவை பிழிந்தது ஆகிறது. மெஷின் தாளத்தில் உள்ள ஹை-ஹாட் (ஜோடித் தட்டின் சத்தம்) தான் முதலில் அடிவாங்கும். "ட்ஸ்" என்று சுத்தமாக விழவேண்டியது தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். 128 கேபிபிஎஸ் (எம்பி3 தரத்தின் அளவு) கோப்பை 320 ஆக மாற்றினாலும் போனது திரும்பாது, கோப்புதான் பெருக்கும்.

வீட்டில் பழைய சிடி இருந்தால் அதிலிருந்து ஃபிளாக் அல்லது வேவ் ஆக (தரம் குறையாத கோப்பு வகைகள்) எடுங்கள். புதிய கலைஞர்கள் பலருடைய பாட்டு பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் ஃபிளாக் ஆகவே விலைக்குக் கிடைக்கும். வேலை முழுவதும் வேவில் நடக்கட்டும், கடைசியில் ஒரே ஒரு தடவை எம்பி3 ஆக்கினால் போதும்.

முதல் பாட்டா எதை வைக்கறதுன்னே தெரியல.

உங்களிடம் உள்ளதில் சிறந்த பாட்டை வைக்காதீர்கள், அடுத்து வருவதெல்லாம் இறக்கமாகிவிடும். உலகத்தைத் திறந்துவிடுகிற பாட்டு வேண்டும்: மெதுவாக ஒவ்வொரு சத்தமாக உள்ளே வருகிற மாதிரி. ழான் மிஷெல் ஜார் பாரிஸில் தன் வீட்டிலேயே பதிவு செய்த "ஆக்ஸிஜீன்" (1976) தொகுப்பின் பகுதிகள் இதற்காகவே செய்த மாதிரி இருக்கும், குரலும் கிடையாது.

இன்னொரு வழியும் உண்டு. தாளத்திலேயே தொடங்கி, கேட்பவரை உடனே நடக்க வைப்பது. நடைப்பயிற்சிக்குச் செய்கிற மிக்ஸில் அதுதான் சரி.

பீபிஎம்னு சொல்றாங்களே, அதை எப்படிக் கண்டுபிடிக்கறது?

நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதுதான் அது. பாட்டுக்குத் தன்னால் கால் தட்டும் இல்லையா, அதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். மென்பொருளும் சொல்லும். மெஷின் தாளப் பாட்டு என்பதால் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை வேகம் மாறாது, எண் துல்லியமாக வரும். கிட்டார், டிரம்ஸ் என்று ஆட்கள் சேர்ந்து வாசித்த பாட்டில் இந்த வசதி கிடையாது. சரணத்தில் ஒரு வேகம், கடைசியில் கொஞ்சம் கூடுதல் என்று நகரும்.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். தி வீக்கெண்ட் பாடிய "பிளைண்டிங் லைட்ஸ்" (2019) ஒரு செயலியில் 171 என்று காட்டும், இன்னொன்றில் 85 என்று காட்டும். இரண்டும் சரி, ஒன்று மற்றதன் பாதி. அதனால் 171 என்று காட்டுகிற பாட்டுக்குப் பக்கத்தில் 91-ல் ஓடும் "நைட்கால்" நிற்க முடியும். காது 171-ஐப் பாதியாக எண்ணிக்கொள்ளும்.

பீபிஎம் வாரியா வரிசையா அடுக்கிட்டேன். எல்லாம் சரியா ஒட்டுது. ஆனா பத்து நிமிஷத்துல போரடிக்குது, ஏன்?

எனக்கு வரும் கேள்விகளிலேயே முக்கியமானது இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ராக், நாட்டுப்புறம் என்று வேறு வகைப் பாட்டுகளை மிக்ஸ் செய்கிறவருக்கு ஒட்டவைப்பதே கஷ்டம். சின்த் பாட்டில் கஷ்டம் அதில்லை. மெஷின் தாளம், நாலு நாலாக விழும் கிக், ஏறக்குறைய ஒரே வேகம். எதையும் எதோடும் ஒட்டலாம். டெபெஷ் மோடின் "என்ஜாய் தி சைலன்ஸ்" சுமார் 113, ஹியூமன் லீகின் "டோன்ட் யூ வாண்ட் மீ" சுமார் 118, டாஃப்ட் பங்கின் "அரவுண்ட் தி வேர்ல்ட்" 121, யூரித்மிக்ஸின் "ஸ்வீட் ட்ரீம்ஸ்" சுமார் 126, நியூ ஆர்டரின் "ப்ளூ மண்டே" 130. ஏணி மாதிரி அழகாக ஏறுகிறது. எல்லாமே அருமையான பாட்டுகள். ஆனால் அப்படியே ஓடவிட்டால் மூன்றாவது பாட்டிலேயே காது "சரி, புரிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

நான் வைத்துக்கொண்டிருக்கிற விதி இது: ஒவ்வொரு ஒட்டிலும் ஒன்றை மட்டும் அப்படியே விடுங்கள், மற்றதையெல்லாம் மாற்றுங்கள். விடுவது வேகமாக இருக்கலாம், சுருதியாக இருக்கலாம், பேஸின் குணமாக இருக்கலாம், ஒரு மெட்டாகக்கூட இருக்கலாம். கிராஃப்ட்வெர்க்கின் "டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்" (1977) முடிகிற இடத்தில் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் "பிளானட் ராக்" (1982) தொடங்கட்டும். ஜெர்மன் ரயிலின் மெட்டு நியூயார்க் தெருவில் 808 தாளத்தின் மேல் திரும்பி வரும், ஏனென்றால் பம்பாட்டா அந்த மெட்டைத்தான் எடுத்துப் போட்டார். ஊர், காலம், வேகம், குரல் எல்லாம் மாறிவிட்டன, மெட்டு மட்டும் இருக்கிறது. கேட்பவர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். இதற்கு எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம்: ஆ-ஹாவின் "டேக் ஆன் மீ" (1985) சுமார் 169, "பிளைண்டிங் லைட்ஸ்" 171. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாம். எனக்கு அதில் சுவாரசியமே இல்லை. இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே மாதிரி சின்த் மெட்டோடு, ஒரே வேலையைச் செய்கின்றன.

ரெண்டு பாட்டும் சேர்ற இடத்துல கொழகொழன்னு கேக்குது. பீட் எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கேன்.

பெரும்பாலும் பேஸ்தான் காரணம். இரண்டு கிக், இரண்டு பேஸ் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே பந்தலில் இரண்டு கச்சேரி மாதிரிதான். சேருகிற பகுதியில் உள்ளே வரும் பாட்டின் அடிப்பகுதியை, அதாவது சுமார் 150–200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, ஈக்வலைசரில் (கனத்த, மெல்லிய சத்தங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டிவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட அடியில் பழைய பாட்டின் பேஸை எடுத்துவிட்டுப் புதியதன் பேஸைத் திறங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு விநாடிகூட ஓட வேண்டாம்.

அடுத்த காரணம், தப்பான இடத்தில் சேர்ப்பது. இந்த வகைப் பாட்டுகள் பெரும்பாலும் நான்கடி கொண்ட எட்டெட்டுச் சுற்றாக நகரும், மொத்தம் 32 அடி. ஆதி தாளம் போட்டு எண்ணத் தெரிந்தவர்களுக்கு நாலு ஆவர்த்தனம். 120 வேகத்தில் அது 16 விநாடி. ஒரு பாட்டின் 32 முடிகிற இடத்தில் அடுத்த பாட்டின் 32 தொடங்கவேண்டும். நடுவில், அதாவது இருபதாவது அடியில் சேர்த்தால், பீட் சரியாக இருந்தாலும் "எங்கேயோ இடறுகிறதே" என்று தோன்றும். தாளம் தெரியாதவர்களுக்கும் தோன்றும்.

மூன்றாவது சின்ன விஷயம். கிராஸ்ஃபேடில் "லீனியர்" என்று இருந்தால் நடுவில் சத்தம் கொஞ்சம் குழிவிழும். "ஈக்வல் பவர்" அல்லது "கான்ஸ்டன்ட் பவர்" என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள்.

கீ பாக்கணுமா? எனக்கு மேற்கத்திய இசை எல்லாம் தெரியாது.

சுருதி தெரிந்தால் போதும். முதல் பாட்டு முடியும்போது அதன் ஆதார சுரத்தை "ம்ம்ம்" என்று முனகிப் பிடித்துக்கொள்ளுங்கள். முனகலை நிறுத்தாமல் இரண்டாவது பாட்டைப் போடுங்கள். முனகல் அதன் மேல் சுகமாக உட்கார்ந்தால் ஒட்டலாம். பல்லைக் கூசினால் ஒட்டு நீளமாக இருக்கக்கூடாது.

ஆர்மோனியத்தில் சுருதி சொல்லும் கட்டைக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டையில் இருக்கும் பாட்டிலிருந்து ஒரு கட்டைக்கோ, நாலு கட்டைக்கோ, ஐந்து கட்டைக்கோ போவது எப்போதும் பத்திரம். ஒன்றரைக் கட்டைக்குப் போவதுதான் மோசம். டிஜே மென்பொருள்களில் 5ஏ, 8பி என்று எண்ணும் எழுத்தும் காட்டும். அதே எண் அல்லது பக்கத்து எண் என்றால் சரி. உள்ளே நடப்பது இதே ச–ப கணக்குதான்.

மேலே சொன்ன ஏணியில் "என்ஜாய் தி சைலன்ஸ்", "ஸ்வீட் ட்ரீம்ஸ்" இரண்டும் ஸி மைனர், அதாவது ஒரு கட்டை. வேகம் 113, 126 என்று தள்ளி நிற்கிறது. இருந்தாலும் முதலாவதை முடியவிட்டு, கடைசி நாதம் அடங்குவதற்குள் இரண்டாவதைச் சட்டென்று ஆரம்பித்தால் கச்சிதமாக இருக்கும். சுருதி ஒன்றாக இருந்தால் வேக மாற்றத்தைக் காது மன்னித்துவிடுகிறது. தலைகீழாக நடக்காது: வேகம் ஒன்றாக இருந்தாலும் சுருதி அரைக் கட்டை தள்ளியிருந்தால் மன்னிப்பே இல்லை.

சுருதி சேரவே சேராத பாட்டு ரெண்டு பக்கத்துல பக்கத்துல வேணும்னா?

சுரமே இல்லாத இடத்தில் சேருங்கள். "ப்ளூ மண்டே" கிக் டிரம்மில் மட்டும் தொடங்குகிறது. அந்த இடத்தில் எந்தச் சுருதிப் பாட்டும் வந்து முடியலாம். 1983-ல் அது 12 அங்குல இசைத்தட்டாக வந்தது. கிளப்பில் டிஜேக்கள் ஒட்டுவதற்கு வசதியாக அந்தத் தட்டுகளில் முன்னும் பின்னும் தாளம் மட்டும் ஓடுகிற பகுதி இருக்கும். அதனால் ஒரு பாட்டுக்கு "எக்ஸ்டெண்டட்" அல்லது "12 இன்ச்" வடிவம் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். வானொலிக்காகச் சுருக்கிய வடிவத்தில் குரல் உடனே வந்துவிடும், ஒட்டுவதற்கு இடமே இருக்காது.

வேகத்தை மாத்தினா பாடறவங்க குரல் கார்ட்டூன் மாதிரி ஆயிடுதே?

வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதியும் மென்பொருளில் உண்டு. ஆனால் அதிகமாக நீட்டினால் கிக்கின் முனை மழுங்கும், குரல் நடுங்கும்.

மூன்று சதவீதம் வரை பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 121-ல் ஓடும் "அரவுண்ட் தி வேர்ல்ட்"டை 124 ஆக்கலாம், குரலே மெஷின் வழியாக வருவதால் இன்னும் கொஞ்சம்கூடத் தள்ளலாம். மனிதக் குரல் வெறுமையாகக் கேட்கிற பாட்டில் கை வைக்காதீர்கள். ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் அந்த இரண்டு பாட்டும் அக்கம்பக்கத்தில் இருக்க விரும்பவில்லை என்று அர்த்தம். வரிசையை மாற்றுங்கள், அல்லது மேலே சொன்ன மாதிரி முடியவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய பாட்டு சன்னமா இருக்கு, அடுத்தது காதைக் கிழிக்குது. வால்யூமைக் கூட்டிட்டாப் போதுமா?

கூட்டாதீர்கள், குறையுங்கள். எண்பதுகளில் வந்த சிடிகளில் மெல்லிய இடத்துக்கும் ஓங்கி அடிக்கும் இடத்துக்கும் நல்ல இடைவெளி இருக்கும். 2000-க்குப் பிறகு வந்த பதிவுகளில் பெரும்பாலும் எல்லாவற்றையும் அமுக்கி உச்சத்துக்கு ஏற்றியிருப்பார்கள். பழையதைப் புதியதன் அளவுக்குத் தூக்கினால் அதன் டிரம் அடிகள் உச்சவரம்பில் முட்டி உடையும்.

ஆடாசிட்டியில் "லவுட்னெஸ் நார்மலைசேஷன்" இருக்கிறது. எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 அல்லது மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக வைப்பது மைனஸ் 14. அப்புறம் எண்ணை மறந்துவிட்டு ஒட்டுகளைக் காதால் கேட்டுச் சரிசெய்யுங்கள். குரல் இல்லாத, பேஸ் கனமான பாட்டு, அளவு ஒன்றாக இருந்தாலும் சன்னமாகத் தோன்றும். ஒரு பாட்டுக்கு "ரீமாஸ்டர்" என்று புது வடிவம் இருந்தால் பழைய சிடி வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குப் பல தடவை பழையதுதான் பிடித்திருக்கிறது.

தமிழ்ப் பாட்டு நடுவுல வச்சா ஒட்டுமா? மொழி மாறுறது உறுத்தாதா?

மொழி உறுத்தாது. கிராஃப்ட்வெர்க்கே ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பாடியவர்கள். உறுத்துவது பாட்டின் அமைப்பு. நம் சினிமாப் பாட்டில் பல்லவி, இடையிசை, சரணம் என்று ஒவ்வொரு பகுதியும் வேறு வாத்தியம், வேறு நிறம். மெஷின் தாளத்தில் ஆரம்பித்து, இடையிசையில் வயலின் கூட்டமே வந்து, சரணத்தில் தபேலாவுக்குப் போய்விடும். முன்னாலும் பின்னாலும் வெறும் தாளம் ஓடுகிற பகுதி அநேகமாக இருக்காது.

அதனால் பொருத்தமான பாட்டாகத் தேடவேண்டும். இளையராஜா இசையில் கமல் பாடிய "விக்ரம்" (1986) தலைப்புப் பாட்டு இந்தக் கூட்டத்தில் கூச்சமில்லாமல் நிற்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டு ஸ்டூடியோவில் கணினியில் தாளம் அமைத்துச் செய்த பாட்டுகளில் வேகம் நகராமல் நிற்கும், ஒட்டுவது சுலபம். "திருடா திருடா" (1993) படத்தின் "சந்திரலேகா"விலிருந்து தொடங்கிப் பாருங்கள். இடையிசையில் உள்ளே நுழைந்து, கடைசிப் பல்லவிக்கு முன்னால் வெளியே வருவது என் வழக்கம். பாட்டு முழுதாக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒட்டு இல்லாமல், ஒரு விநாடி மௌனம் விட்டு, தனியாக நிற்கவிடுங்கள்.

இந்திய ராகமும் சின்தும் சேர்ந்தே வேண்டும் என்றால், சரண்ஜித் சிங் 1982-ல் பதிவு செய்த பத்து ராகத் தொகுப்பைக் கட்டாயம் கேளுங்கள். பம்பாய் சினிமா வாத்தியக்காரர். ரோலண்டின் 303 பேஸ் மெஷின், 808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 கீபோர்டு மூன்றையும் வைத்து டிஸ்கோ தாளத்தில் ராகம் வாசித்தார். அப்போது பெரிதாக எடுபடவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோது உலகமே அசந்துபோனது, ஏனென்றால் சிகாகோவில் அதே 303-ஐ வைத்து "ஆசிட் ஹவுஸ்" என்ற டான்ஸ் இசை வகை பிறந்தது அவருக்குச் சில ஆண்டுகள் பிறகுதான். மிக்ஸ் செய்பவருக்கு இதில் கூடுதல் லாபம் ஒன்று: ராகம் என்பதால் பாட்டு முழுதும் ஆதார சுருதி நகராது. எங்கே நுழைந்தாலும், எங்கே வெளியேறினாலும் அதே கட்டை.

பாட்டை வெட்டறது தப்பில்லையா? கலைஞரை அவமதிக்கிற மாதிரி இருக்கு.

"ஆட்டோபான்" தொகுப்பு வடிவத்தில் 22 நிமிடத்துக்கு மேல். 45 நிமிட மிக்ஸில் பாதி. அதையே மூன்றரை நிமிடத்துக்குச் சுருக்கித் தனித்தட்டாக விட்டார்கள். "ப்ளூ மண்டே" ஏழரை நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் வெளியே வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 32 அடிக் கணக்கில்தான் வெட்டவேண்டும்.

வெட்டக்கூடாத இடமும் உண்டு. சில தொகுப்புகளில் ஒரு பாட்டு இடைவெளியில்லாமல் அடுத்ததற்குள் ஓடும். "டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்" அப்படியே "மெட்டல் ஆன் மெட்டல்" பாட்டுக்குள் போகிறது. தனிக் கோப்பாக எடுத்தால் அந்த இடம் கத்தியால் அறுத்த மாதிரி இருக்கும். "பிளானட் ராக்" ஒட்டுக்கு அங்கே கொஞ்சம் முன்னதாகவே வெளியே வாருங்கள்.

ஆப்பே பீபிஎம், கீ எல்லாம் பாத்து வரிசைப்படுத்திக் குடுக்குதே, அப்புறம் நான் எதுக்கு?

வேகத்தையும் சுருதியையும் அளக்க அதைவிட நல்ல வேலையாள் கிடையாது, தாராளமாக வேலை வாங்குங்கள். ஆனால் பெரும்பாலும் அது தருவது அந்த ஏணிதான். எட்டாவது கேள்வியில் சலிப்பு வந்ததே, அதே ஏணி. பக்கத்தில் பக்கத்தில் ஒத்துப்போகிறவற்றை அடுக்குவதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. உங்கள் தம்பி ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டாலே சிரிப்பான் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

ஹெட்போன்ல பிரமாதமா இருக்கு. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டா பேஸும் இல்ல, சில சின்த் சத்தமும் காணோம்!

பேஸ் போனதற்குக் காரணம் ஸ்பீக்கரின் அளவு. கையடக்க ஸ்பீக்கரால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காகத் தர முடியாது. பேஸைக் கூட்டினால் சரியாகாது, உடைந்துதான் கேட்கும். மிக்ஸை அந்த ஸ்பீக்கருக்காக மாற்றாதீர்கள்.

சின்த் காணாமல் போவது வேறு கதை. எண்பதுகளின் கீபோர்டுகளில், குறிப்பாக ரோலண்ட் ஜூனோவில், கோரஸ் என்று ஒரு வசதி உண்டு. ஒரே சத்தத்தை இடது காதுக்கும் வலது காதுக்கும் கொஞ்சம் வித்தியாசமாக அனுப்பி அகலமாக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். பாட்டிலேயே உள்ளதை நாம் மாற்ற முடியாது. ஆனால் ஒட்டுகளை ஒரு தடவை மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி) போட்டுக் கேளுங்கள். மோனோவில் எந்த மெட்டு மறைகிறதோ அதை நம்பி ஒட்டு வைக்காதீர்கள்.

போன், கார், ஹெட்போன் மூன்றிலும் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. டவுன் பஸ்ஸில் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. அந்த இரைச்சலிலும் ஒட்டு புரிந்தால் அது நல்ல ஒட்டு.

செஞ்சு முடிச்சதை எங்கயாவது போடலாமா? ஃபிரெண்டுக்குக் குடுக்கலாமா?

சொந்தமாகக் கேட்பதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது; தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளல் உரிமை மீறல் ஆகாது. பொதுவெளியில் ஏற்றுவது அதில் வராது. ஒலிப்பதிவுக்கு இங்கே 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. இந்தப் பக்கத்தில் சொன்ன எந்தப் பாட்டும் அந்தக் காலத்தைத் தாண்டவில்லை. யூடியூபில் ஏற்றினால் தானியங்கிச் சோதனையில் பிடிபட்டு முடக்கப்படலாம், அல்லது வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். மிக்ஸ்கிளவுட் மாதிரி தளங்கள் உரிமதாரர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மிக்ஸ்களை ஏற்கின்றன. ஒரே கலைஞரின் பாட்டு எத்தனை இருக்கலாம் என்று அங்கே வரம்பு உண்டு, ஏற்றும் முன் படித்துவிடுங்கள்.

நண்பருக்கு என்றால் பாட்டு வரிசையை ஸ்ட்ரீமிங் செயலியில் பட்டியலாக அனுப்பலாம், அதில் சிக்கலே இல்லை. ஒட்டுகள் மட்டும் போய்விடும். என் மிக்ஸைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்து கேட்பதுதான் வழக்கம். கூடவே ஒரு தாளில் கலைஞர், பாட்டு, வருஷம், தொடங்கும் நிமிடம் நான்கையும் எழுதி வைத்திருப்பேன். முழுதும் ஓடி முடிந்த பிறகுதான் அந்தத் தாளைக் கையில் கொடுப்பேன்.